ஒப்பனையும் இயக்கமும்

நம் சங்கத்தின் வலைத்தளம் ட்ரூபல் என்னும் மென்பொருளின் ஏழாம் பதிப்பில் எழுந்தது என்பதை நண்பர்கள் பலர் அறிவர். 2011 ஜனவரியில் வெளிவந்த அப்பதிப்புக்கு ட்ரூபல் சமூகம் தந்துவந்த ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. விழாப் பதிவுக்காக நீங்கள் தந்த பெயர், அறை எண், தொலைபேசி எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனவே புதுப் பதிப்புக்குக் குடிபெயர்வது இனித் தள்ளிப்போடக்கூடிய வேலை அன்று. இயற்பியல் படிக்கும் உனக்கு இதில் என்ன வேலை என்று சிலர் என்னைக் கேட்கின்றனர். தளத்தை எழுதிய அண்ணன்மார் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். அடுத்த ஆண்டு நானும் போய்விடுவேன். ஆகவே இவ்வேலையில் பலர் இடறி விழும் ஓரிடத்தைப் பற்றி மட்டும் ஈண்டு எழுதுகிறேன்.

வலைப்பக்கத்தில் செய்தியைத் தாங்குவது எச்.டி.எம்.எல். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி ஆகிய ஒப்பனையைச் சொல்வது ஸ்டைல்ஷீட். பக்கத்தை இயங்கச் செய்வது ஸ்கிரிப்ட். பொங்கல் விழாப் பதிவுப் பக்கத்தில் ‘இன்னும் இத்தனை நாள், இத்தனை மணி’ என்று ஒரு கடிகாரம் ஓடுகிறதே, அது ஸ்கிரிப்டின் வேலை. அதைத் தருவது ஒரு மாட்யூல். அஃதாவது, ட்ரூபலோடு நாமே பூட்டிக்கொள்ளும் துணை உறுப்பு.

மாட்யூல் தன் ஸ்கிரிப்டை நேரே பக்கத்தில் எழுதிவிட்டால் என்ன? எழுதலாம், கெடுதி பின்னால் தெரியும். ஒரு பக்கத்தைப் பல மாட்யூல்கள் சேர்ந்து ஆக்குகின்றன. ஒவ்வொன்றும் ஜேக்வெரியின் பிரதி ஒன்றைத் தன் பங்குக்குக் கொண்டுவந்தால், ஒரே சுமை பலமுறை இறங்கும். அன்றைய டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடும் நம் விடுதியில் இது சிறு செய்தியா? யார் முன், யார் பின் என்ற வரிசையும் குழம்பிப்போகும்.

இதனால் ஏழாம் பதிப்பில் ‘ட்ரூபல் ஆட் ஜேஎஸ்’ என்றொரு கட்டளை இருந்தது. மாட்யூல் அதை அழைத்தால், இன்ன ஸ்கிரிப்ட் வேண்டும் என்று ட்ரூபல் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடையில் கேஷ் என்று ஒன்று உண்டு. ஒருமுறை சமைத்ததை எடுத்து வைத்து அடுத்தவருக்கும் பரிமாறுவது அது. முதலில் வருபவருக்காக மாட்யூல் ஓடுகிறது, கட்டளை அழைக்கப்படுகிறது, கடிகாரமும் ஓடுகிறது. அந்தப் பகுதியின் எச்.டி.எம்.எல். மட்டும் எடுத்து வைக்கப்படுகிறது. இரண்டாமவர் வந்ததும் எடுத்து வைத்தது அவருக்குக் கிடைக்கிறது. மாட்யூல் ஓடவில்லை; கட்டளை அழைக்கப்படவில்லை; கடிகாரம் அசையாமல் நிற்கிறது! சோதிப்பவரோ கேஷைத் துடைத்துவிட்டுப் பார்ப்பவர். அவர் எப்போதும் முதலாமவர். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

2015 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டது. இப்போது வேலை இரண்டு. முதலாவது, அறிவிப்பது. மாட்யூலின் பெயர் ‘விழா’ என்றால், அப்பெயருக்குப் பின் ஒரு புள்ளி, லைப்ரரீஸ், மீண்டும் ஒரு புள்ளி, ஒய்.எம்.எல். என்று ஒரு கோப்பு. அதில் ‘கடிகாரம்’ என்று ஒரு தொகுப்புக்குப் பெயரிட்டு, அதன் ஸ்டைல்ஷீட் எது, ஸ்கிரிப்ட் எது, அதற்கு முன் வரவேண்டியவை எவை என்று எழுதவேண்டும். ஜேக்வெரி தேவையென்றால் இங்கே கேட்க வேண்டும்; கேளாமல் வராது. வரிகளை உள்தள்ள ஸ்பேஸ் மட்டுமே. டேப் விசையைத் தொட்டால் கோப்பு படிக்கப்படாது.

இரண்டாவது, இணைப்பது. கடிகாரப் பகுதியை மாட்யூல் உருவாக்கும்போதே, ‘அட்டாச்ட்’ என்னும் இடத்தில் மாட்யூலின் பெயர், ஒரு சாய்கோடு, தொகுப்பின் பெயர் என்று குறித்துவிட வேண்டும். இந்தக் குறிப்பு அப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு கேஷுக்குள்ளும் போகிறது. எத்தனையாவது ஆளுக்கு எடுத்துப் பரிமாறினாலும் ஸ்கிரிப்ட் கூடவே வரும். கடிகாரம் இல்லாத பக்கத்துக்கு அது வரவே வராது. ஏழாம் பதிப்பிலும் இவ்வழி இருந்தது. குறுக்கு வழி திறந்திருந்ததால் பலர் இதை நாடவில்லை என்பது என் கருத்து.

விழா நாள் போன்ற மதிப்பைச் ஸ்கிரிப்டுக்கு அனுப்ப ‘ட்ரூபல் செட்டிங்ஸ்’ என்னும் பை ஒன்று உண்டு. அதுவும் அட்டாச்ட் வழியாகவே போகும். ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அப்பை முழுவதும் தெரியும். பதிவு செய்தவர்களின் தொலைபேசி எண்ணை அதில் போடுவது, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு ஒப்பானது.

ஸ்கிரிப்ட் வழக்கமாகப் பக்கத்தின் அடியில் சேரும். மேலே வேண்டுமென்று கேட்டு வாங்கலாம்; கடிகாரத்துக்கு அது வேண்டாம், பக்கம் கண்ணில் படுவதே தாமதமாகும்.

எல்லாம் எழுதியபின் கேஷை ஒருமுறை துடையுங்கள். அறிவிப்புக் கோப்பில் செய்த மாற்றம் அதன் பின்னரே கணக்கில் வரும். பிறகு, லாகின் செய்யாத பிரவுசரில் பக்கத்தை இருமுறை திறந்து பாருங்கள். இரண்டாம் முறையும் கடிகாரம் ஓட வேண்டும்.