ஊசி முனையில் செல்ல நாய்

19ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் கம்பளி நூலால் தைத்த நாய்கள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றில் பல அந்த வீட்டு நாய்கள் அல்ல. பெர்லினில் அச்சாகி வந்த கட்டம் போட்ட மாதிரித் தாள்களைப் பார்த்துத் தைத்தவை. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். விக்டோரியா மகாராணியின் செல்லப் பிராணிகளை வரைந்த எட்வின் லாண்ட்சீரின் ஓவியங்களும் இப்படிக் கட்டங்களாகி விற்பனைக்கு வந்தன. அரண்மனை நாய் ஊரார் வீட்டுச் சுவரில் ஏறியது.

இன்று சொந்த நாயையே தைக்கலாம். புகைப்படத்தைக் கம்ப்யூட்டர் கட்டங்களாக்கித் தந்துவிடும். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள கேன்வாஸில் 10 அங்குலச் சதுரப் படம் என்றால் 19,600 தையல்கள். பல மாத வேலை. சிக்கல் கறுப்பு நாய்களில்தான். வெறும் கறுப்பு நூலில் தைத்தால் மைக்கறை போலாகிவிடும். வெளிச்சம் படும் இடங்களில் கருநீலம், பழுப்பு, சாம்பல் என்று நூலை மாற்ற வேண்டும். கண்ணில் ஒரு வெள்ளைத் தையல் விழாவிட்டால் அது பொம்மைதான்.

நாயின் ஆயுள் 10, 15 வருடம். அது போன பிறகே ஊசியை எடுப்பவர்களும் உண்டு. எம்பிராய்டரி மெஷின் இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். பிரிந்த முகத்தோடு இன்னும் சில மாதம் இருக்க நினைப்பவர்களுக்கு அந்த வேகம் எதற்கு?