பெயருக்குள் ஒரு வம்சம்

காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். லுங்கியும் துண்டும் நெய்யும் விசைத்தறி ஊர். இங்கே ஒரு முஸ்லிம் வீட்டில் குழந்தை பிறந்தால் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வார்கள். ஏழாம் நாள் முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி அல்லது வெள்ளியின் விலையைத் தர்மம் செய்வார்கள். வசதி உள்ளவர்கள் அகீகா கொடுப்பார்கள். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. இந்த முறைகள் மாறவில்லை, பெயர்கள்தான் மாறிவிட்டன. தாத்தா காதர் மொய்தீன், பேரன் ரய்யான். நன்னி பாத்திமா பீவி, பேத்தி இனாயா.

புதுப் பெயர்களில் குறை ஒன்றுமில்லை. ரய்யான் என்பது நோன்பாளிகளுக்கான சொர்க்க வாசலின் பெயர். இனாயா என்றால் அக்கறை. ஆனால் பழைய பெயர்களைப் பழசு என்று தள்ளும்போது எதை இழக்கிறோம் என்பதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

தர்கா தந்த பெயர்கள்

16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து அடங்கியவர் சாகுல் ஹமீது ஆண்டகை. ‘ஷாஹ்’ என்பது அரசரைக் குறிக்கும் பாரசீகச் சொல். ‘ஹமீது’ என்றால் அரபியில் புகழுக்குரியவன். நாகூரில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் சாகுல் ஹமீது, நாகூர் மீரான், நாகூர் கனி ஆனார்கள். பாக்தாத்தில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர் முகைதீன். மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்று பொருள். அவர் நினைவாகத்தான் தமிழ்நாடெங்கும் இத்தனை காதர்கள், இத்தனை மொய்தீன்கள். ஆங்கிலேயருடனான 1792 உடன்படிக்கைக்கு முன்புவரை, குமாரபாளையம் அடங்கிய இந்தச் சேலம் சீமையை ஆண்ட திப்பு சுல்தானுக்கே ஆற்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் சூட்டினார்கள்.

தமிழ் கலந்த பெயர்கள்

அரபுப் பெயர் தமிழ் நாவில் ஏறியதும் தமிழாகிவிட்டது. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிரை நாம் சீதக்காதி என்றுதான் அறிவோம். கதீஜாவோடு நாச்சியாரும் ஆயிஷாவோடு அம்மாளும் சேர்ந்துகொண்டன. கவிஞர் சல்மாவின் இயற்பெயர் ராஜாத்தி ரொக்கையா. பாதி தமிழ், மீதி நபிகள் நாயகத்தின் மகள் ருகையாவின் பெயர். இன்குலாப் என்று நாடறிந்த கீழக்கரைக் கவிஞரும் பிறப்பில் ஒரு சாகுல் ஹமீதுதான். இப்படிப்பட்ட பெயர்கள் அரபு நாடுகளில் கிடைக்காது. இவை நம் மண்ணில் விளைந்தவை.

விண்மீனும் பட்டும்

நம் வீடுகளில் சாதாரணமாக அழைக்கும் பெயர்களின் பொருள் வியக்க வைக்கும். சுரையா அரபு, பர்வீன் பாரசீகம். இரண்டுக்கும் பொருள் நம் கார்த்திகை விண்மீன் கூட்டம். ஷப்னம் பனித்துளி, யாஸ்மின் மல்லிகை, குல்நார் மாதுளம்பூ, நூர்ஜகான் உலகின் ஒளி. தறிக்காரர் வீட்டுக்குப் பொருத்தமான பெயர்களும் உண்டு. ரேஷ்மா என்றால் பட்டு. சொர்க்கவாசிகளின் ஆடை என்று குர்ஆன் சொல்லும் மெல்லிய பட்டின் பெயர் சுந்துஸ்.

பெயர் வைக்கும் முன்

ஒலி இனிமையாக இருந்தால் மட்டும் போதாது. நபிகள் நாயகம் பொருள் சரியில்லாத பெயர்களை மாற்றியிருக்கிறார். உமர் அவர்களின் மகள் ஒருவருக்கு ‘ஆஸியா’ என்று பெயர். கீழ்ப்படியாதவள் என்று பொருள். அதை ஜமீலா, அதாவது அழகி, என்று மாற்றினார். எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் மனைவியும் ஆஸியாதான். ஆனால் அரபியில் அதன் எழுத்தே வேறு, அது போற்றப்படும் பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். செல்போனில் கிடைத்த பட்டியலை நம்பிவிடாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அரபு எழுத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

‘அப்து’ என்றால் அடியார். வெறும் ‘அப்துல்’ என்று கூப்பிட்டால் யாருடைய அடியார் என்பது விட்டுப்போகிறது. ‘ரகுமான்’ என்று மட்டும் கூப்பிட்டால் அது இறைவனின் பெயர். அப்துல் ரகுமான், அப்துல் காதர் என்று முழுதாக அழைக்கப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கலாம்.

இன்னொன்றும் முக்கியம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லை. முகம்மது என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டு இருப்பதால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒன்றுபோல் எழுதாவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிள்ளைதான் அலைய வேண்டியிருக்கும்.

பழையதா புதியதா என்று சண்டையிடத் தேவையில்லை. நம்மிடம் இரட்டைப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. முகம்மது ரய்யானை மொய்தீன் ரய்யான் ஆக்கலாம். பாத்திமா இனாயா என்று வைத்தால் நன்னிக்கும் மகிழ்ச்சி, பெற்றவர்களுக்கும் நிறைவு. பிள்ளை வளர்ந்து தன் பெயருக்கு அர்த்தம் கேட்கும் நாளில் அகராதியில் உள்ள பொருளோடு தன் வீட்டு மனிதர் ஒருவரின் கதையையும் சொல்ல அந்தப் பெயரில் இடம் இருக்க வேண்டும்.