கேப்புத் துப்பாக்கி பிடிக்கும் விதம்

தீபாவளியிற் சிறுவர் ஏந்தும் கேப்புத் துப்பாக்கியை வெறும் விளையாட்டென்று எண்ணுகிறோம். சிவகாசித் தீப்பெட்டியிலே பொட்டாசியம் குளோரேட்டு குச்சியின் தலையிலும், செம்பாஸ்வரம் பெட்டியின் பக்கத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. கேப்பிலோ அவ்விரண்டும் ஒரே காகிதத்துள் கூடியிருக்கின்றன. சிறு உராய்வே போதும். ஆதலின் சட்டைப்பையிற் சில்லறையோடு அதனைக் கொட்டி வைத்தல் ஆகாது.

பிடி மிகக் குறுகியதாகையால் சுண்டுவிரலுக்கு இடமிராது. அதை அடியில் மடித்துக்கொள்ளுதலே சௌகரியம். சுத்தியல் சதையைக் கடியாவண்ணம் கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, விசையை விரல்நுனியால் மெல்ல இழுக்க வேண்டும். மெய்யான ரிவால்வரைப்போல் இது கையைப் பின்னே தள்ளாது. ஆயினும் இதன் பொறி குழல்வாயில் அன்று, சுத்தியலடியில், சுடுவோன் முகத்தை நோக்கியே பிறக்கிறது. வேட்டைக்காரரைப்போல் ஒற்றைக்கண் மூடிக் குறிபார்க்கும் பிள்ளைக்குத் திறந்த கண்ணே அபாயத்திலிருக்கிறது. கையை முழுதும் நீட்டிய பின்னரே சுடுதல் வேண்டும்.