காகித இழைகளைப் பிணைப்பது எது?

ஒரு தாளைக் கிழித்து அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மெல்லிய தும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவையே மர இழைகள். துணியைப்போல் அவை நெய்யப்படவில்லை, கயிற்றைப்போல் முறுக்கப்படவுமில்லை. பின் அவை ஒன்றையொன்று பற்றி நிற்பது எங்ஙனம்?

இழைகள் செல்லுலோஸ் என்னும் பொருளாலானவை. செல்லுலோஸ் ஒரு பாலிமர். அதாவது, குளுக்கோஸ் சர்க்கரைக் கூறுகள் சங்கிலிபோல் கோத்த நெடுந்தொடர். கூழைச் சல்லடையில் பரப்பி உலர்த்தும்போது, விலகிச் செல்லும் நீர் இழைகளை நெருக்கி இழுக்கிறது. நெருங்கிய இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தாள் மீண்டும் நனைந்தாலோ, நீர் இடையே புகுந்து அப்பிணைப்புகளை அவிழ்த்துவிடும். முற்றும் நனைந்த சாதாரணத் தாளில் பழைய வலிமையில் பத்திலொரு பங்குகூட மிஞ்சுவதரிது.

கஞ்சியிட்ட வேட்டி விறைத்து நிற்பதை நாமறிவோம். மாவுப்பொருளும் குளுக்கோஸ் தொடரே. ஆதலால் அது இழைகளுக்கிடையே அமர்ந்து பிணைப்புகளைப் பெருக்குகிறது. ஆனால் இழைகள் நீரில் எதிர்மின்னேற்றம் உடையவை. வெறும் மாவு அவற்றில் தங்காது நீரோடு போய்விடும். எனவே மாவுக்கு நேர்மின்னேற்றம் ஊட்டிச் சேர்க்கின்றனர். நூறு கிலோ இழைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ போதும்.

தமிழ்நாட்டில் கரூருக்கு அருகே காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு ஆலை, கரும்புச்சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கையின் இழை ஊசியிலை மரத்தின் இழையைவிடக் குட்டை. குட்டை இழை அண்டை இழைகளைத் தொடும் இடங்கள் குறைவாதலால், ஒவ்வொரு பிணைப்பும் அங்கே அருமையானது.

தேயிலைப் பைக்கு மாவு மட்டும் போதாது. வெந்நீரிலும் பிரியாதிருக்க, வேறுவகைப் பிசின் பாலிமரைச் சேர்க்கின்றனர். அது சூட்டில் இறுகி, நீர் எளிதில் அவிழ்க்க இயலாத வலையாகிறது.

இவ்வறிவு நம் வீட்டுக்கும் பயன்படும். பொங்கோலில் அடுக்குமாடி வீடுகளின் கீழே நிற்கும் நீலத்தொட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் சேரும் காகிதம் மீண்டும் கூழாக வேண்டும். ஒவ்வொரு முறை உலரும்போதும் இழை விறைத்துப் பிணையும் திறனை இழக்கிறது. அதை ஈடுசெய்யவும் மாவே துணை. எண்ணெய் படிந்த தாளிலோ இழைகள் சரிவரப் பிணையா. சமையலறைத் துடைப்புத்தாள் பிசினால் நீரில் எளிதில் பிரியாது, அழுக்கும் சேர்ந்திருக்கும். இவ்விரண்டையும் குப்பையில் இடுக. உலர்ந்த, தூய காகிதத்தையே நீலத்தொட்டிக்கு அளிப்போமாக.