உங்களுக்குத் தெரியுமா? மாடி வீடும் மதகுச் செய்தியும்

இந்தோனேஷியாவின் ஜகார்த்தா நகரில், சிலிவுங் நதியின் வளைவொன்றில் அமைந்துள்ள கம்பொங் புலோ என்னும் குடியிருப்பின் ஜனங்கள், அடிக்கடி வரும் வெள்ளத்தோடு வாழும் வித்தையை அனுபவத்தால் கற்றவர்கள். தெற்கே போகோர் நகரிலுள்ள காத்துலம்பா தடுப்பணையில் நீர்மட்டம் ஏறிற்றென்ற செய்தி எட்டியவுடனே, வெள்ளம் வந்து சேரப் பல மணி நேரம் இருக்கிறதென்று கணக்கிட்டு, அடுப்பையும் படுக்கையையும் அரிசியையும் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த மாடியும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழுப்பியதே.

நதியை அகலப்படுத்திக் கான்கிரீட் கரை கட்டும் திட்டத்திற்காக 2015 ஆகஸ்டில் அவ்வீடுகளில் பல இடிக்கப்பட்டன; குடும்பங்கள் பல ஜதினேகாரா பாரட் என்னும் அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. அங்கே வீட்டுக்குள் வெள்ளம் புகும் பயமில்லை. அது மெய்யாகவே பெரிய நன்மை. ஆயினும், வாசலில் நடத்திய சிறு கடையும், கஷ்ட காலத்தில் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டி வாடகைக்கு விடும் சுதந்திரமும், இடரைத் தாங்க உதவிய அக்கம்பக்கத்து உறவும் குன்றிப்போக, மாதாந்தர வாடகை மாத்திரம் தவறாமல் வந்து நின்றது. சில வருஷங்களுக்குள் அங்கே குடியேறியவர்களில் பலர் வாடகை பாக்கிதாரர்களாகிவிட்டார்கள்.