டி.எஸ்.ஹெச். கூடினால் தைராய்டு குறைகிறது

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அத்துப்படி: "ஏம்மா, டி.எஸ்.ஹெச். 12-னு போட்டிருக்கே, தைராய்டு ரொம்பக் கூடிப்போச்சா?"

கூடவில்லைக்கா, குறைந்திருக்கிறது.

டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதே இல்லை. அது மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரியின் ஹார்மோன். தைராய்டு இருப்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே. உணவில் வரும் அயோடினை எடுத்து டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் வேகம், மாதவிலக்கு எல்லாவற்றிலும் இவற்றுக்குக் கை உண்டு. ரத்தத்தில் இவை குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச்.சைக் கூட்டித் தைராய்டை முடுக்கும். போதுமான அளவு வந்ததும் தானே அடங்கும்.

டி4 கொஞ்சம் சரிந்தாலே டி.எஸ்.ஹெச். பல மடங்கு ஏறும். அதனால்தான் டாக்டர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு. அரிதாகப் பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது டி4 அளவும் வேண்டும்.

தைராய்டு குறைவுக்கான டி4 மாத்திரை ஆரம்பித்துப் பத்தே நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க வருகிறார்கள். டி4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரத்தத்தில் அது நிலைப்பட ஆறு வாரமாவது வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் மாத்திரையைப் போடுங்கள். காபி அரை மணி நேரமாவது பொறுக்கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இதைவிட அவசரமானது பச்சிளம் குழந்தைகளின் பரிசோதனை. தைராய்டு சரியாகச் சுரக்காத குழந்தையும் பிறக்கும்போது நன்றாக இருப்பதாகவே தெரியும். தாயின் டி4 அதுவரை அதைப் பாதுகாத்திருக்கும். அதற்குப் பின் மூளை வளர்ச்சி தடைப்படத் தொடங்கும். குதிகாலில் குத்தி, வடிதாளில் அச்சிட்ட வட்டம் பின்பக்கம்வரை ஊறும்படி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். பிறந்த உடனே டி.எஸ்.ஹெச். தானாக எகிறுமாதலால், 48 மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்வார்கள்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைத் தாமாகச் செய்வதில்லை. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப்போகும் முன், "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.