நீரை உடைக்கும் இலை

குளத்தில் மண்டிக் கிடக்கும் ஹைட்ரில்லா செடியில் ஒரு கொத்தை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். குமிழுக்குள் இருப்பதில் பெரும்பகுதி ஆக்சிஜன். அது எங்கிருந்து வந்தது? கார்பன் டைஆக்சைடிலிருந்துதான் என்று விஞ்ஞானிகள் பலரும் நெடுங்காலம் நம்பினார்கள். கார்பனை இலை வைத்துக்கொள்கிறது, ஆக்சிஜனை விட்டுவிடுகிறது; கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

சந்தேகத்தைக் கிளப்பியவை பாக்டீரியாக்கள். 1930களில் கார்னெலிஸ் வான் நீல் என்ற டச்சு அறிஞர் ஆராய்ந்த கந்தக பாக்டீரியாக்கள், தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை வைத்து ஒளிச்சேர்க்கை செய்தன. ஆக்சிஜன் வரவில்லை, கந்தகம் மிஞ்சியது. அப்படியென்றால் செடியில் உடைவது தண்ணீர்தான் என்று அவர் முடிவுகட்டினார். 1941-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் சாம் ரூபன், மார்ட்டின் காமென் குழுவினர், ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் சேர்ந்த நீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயு, நீரிலிருந்த ஆக்சிஜனோடு ஒத்துப்போனது.

தண்ணீர் லேசில் உடைகிற பொருள் அல்ல. இலையில் அதை உடைப்பது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்த ஒரு சின்னஞ்சிறு கொத்து. பச்சையம் ஒளியை வாங்கி ஓர் எலக்ட்ரானை இழக்கும்போதெல்லாம், அந்த இழப்பை இந்தக் கொத்து ஈடுசெய்கிறது. நான்கு முறை கொடுத்துத் தீர்ந்ததும் இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளியேறுகிறது. மேரி கியூரியின் பேரன் பியர் ஜோலியோ 1969-ல் இதை அழகாகக் காட்டினார். இலைச் செல்களில் பச்சையம் பொதிந்திருக்கும் பசுங்கணிகங்களை இருட்டில் வைத்து, அவற்றின் மீது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒளி வெட்டுகளைப் பாய்ச்சினார். முதல் வெட்டுக்கு ஒன்றுமில்லை, இரண்டாவதுக்கும் அநேகமாக ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஆக்சிஜன் குபுக்கென வந்தது. பிறகு ஏழாவதில், பதினொன்றாவதில். இலை எண்ணிக்கொண்டிருக்கிறது! ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியில் இதைவிட என்னை வியக்கவைத்த சோதனை இல்லை.

பறித்த எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகும் வழியில், தைலகாய்டு என்ற நுண்பைகளுக்குள் புரோட்டான்கள் சேர்கின்றன, அணையில் நீர் தேங்குவதுபோல. அவை வெளியே பாயும் வழியில் ஒரு நொதி உண்மையாகவே சுழன்று, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஆக்குகிறது. தேங்கிய புரோட்டான்களின் பாய்ச்சலே ஏடிபியை ஆக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1966-ல் ஆண்ட்ரே ஜாகெண்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் கீரையிலிருந்து எடுத்த பசுங்கணிகங்களை அமிலத்தில் ஊறவைத்துச் சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். கும்மிருட்டிலேயே ஏடிபி உருவானது. ஒளியின் வேலை புரோட்டான்களைத் தேக்குவது. தேக்கிவிட்டால் ஏடிபி ஆக்க ஒளி வேண்டியதில்லை.

சர்க்கரை ஆக்கும் கட்டத்துக்கும் ஒளி நேரடியாகத் தேவையில்லை. ஏடிபியும், எலக்ட்ரான்களைச் சுமந்துவரும் இன்னொரு மூலக்கூறும் இருந்தால் போதும். கார்பன் டைஆக்சைடைப் பிடித்துக் கோக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. படுமந்தமானது: வேகமான நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கலாம், இது வினாடிக்குச் சில மூலக்கூறுகளோடு நின்றுவிடும். போதாக்குறைக்குக் கார்பன் டைஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். வேகத்தில் இல்லாததைச் செடி எண்ணிக்கையில் ஈடுகட்டுகிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களின் இலையில் நீரில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி ரூபிஸ்கோதான்.